பதினெட்டு டிகிரி சாய்வு

"நோட்டீசுல தேதியே இல்லையே தம்பி, அப்புறம் எப்படி நாங்க—"

"போட்டுத்தான் அங்கிள் குடுத்தோம், நாங்க எழுதிக் குடுத்த மேட்டர்ல இருக்கு, நீங்கதான் சரியாப் படிக்காம—"

"இந்தா பேப்பர். எங்க இருக்குன்னு காட்டு."

கேம்ப் என்று இங்கே சொல்லும் குடிசைப் பகுதியிலிருந்து வந்த அப்பாவு என்பவரும் எங்கள் தமிழ்ச் சங்கத்துக் கௌதமனும் இப்படி மோதிக்கொண்டபோது நான் நடுவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். சர்க்கரை கொஞ்சம் தூக்கல். இரண்டு பேரும் சொன்னது உண்மைதான். அதனால் நான் குறுக்கிடவில்லை.

ஓய்வு பெற்றதிலிருந்து சங்கத்தின் அழைப்பிதழ், நோட்டீஸ் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் நான்தான் வடிவமைத்துத் தருகிறேன். சாக்கடைக் கால்வாய் ஓரத்துக் கேம்ப்பை இடிக்கப்போகிறார்கள், மாற்று வீட்டுக்கு மனுக் கொடுக்க வேண்டும் என்ற நோட்டீசும் என்னிடம்தான் வந்தது. அதே காலையில் என் வீட்டில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கும் முத்துமாரி பாத்திரம் தேய்த்தபடியே சொன்னாள், வீடு கிடைத்தால் ஊர்க்கோடியில்தான் கிடைக்குமாம், அங்கிருந்து இரண்டு பஸ், இனி வருவதற்கில்லையாம். கோபித்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொன்னாள். நான் கோபப்படவில்லை. எனக்கு எழுபத்திரண்டு வயது, இரண்டு முழங்காலும் போய்விட்டன.

எழுத்து ஓடும் பெட்டியைச் சாய்வாகப் போட்டால் நோட்டீஸ் பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் சாய்க்கச் சாய்க்க, பக்கத்துக்குள் அடங்குவதற்காகப் பெட்டியை ஒடுக்க வேண்டும். இடம் போதாத வரிகள் கீழே ஒளிந்துகொள்ளும். அழிவதில்லை. மூலையில் சின்னதாக ஒரு சிவப்புக் கூட்டல் குறி வரும், திரையில் மட்டும். அதைத் தொட்டு இன்னொரு பெட்டியில் விட்டால் மிச்சம் அங்கே ஓடிவிடும். பன்னிரண்டு டிகிரியில் போன் நம்பர் போனது. பதினைந்தில் மனுக் கொடுக்கும் இடம். பதினெட்டில் கடைசித் தேதி. இப்போது நோட்டீஸ், 'உங்கள் காகிதங்களைத் தயாராக வைத்திருங்கள்' என்று முற்றுப்புள்ளியோடு முடிந்தது. பார்ப்பவர்களுக்கு எந்தக் குறையும் தெரியாது. அதற்குமேல் நான் சாய்க்கவில்லை.

கௌதமன் இந்தி பேசும் இந்த ஊரிலேயே பிறந்தவன். தமிழ் பேசுவான், எழுத்தைக் கூட்டிப் படிக்க அரைமணி ஆகும். மெட்ரோவில் போனபடியே போனில் பார்த்துவிட்டு, "அச்சா, நல்லா வந்திருக்கு ஆன்ட்டி, அடிச்சிடலாம்" என்றான். வேறு யாரும் பார்ப்பதில்லை. எனக்கு அது தெரியும்.

நூற்று நாற்பது குடும்பமும் காகிதங்களைப் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தயாராக வைத்துக்கொண்டு, கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தது. கடைசித் தேதி ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று முத்துமாரி எனக்குக் கத்திரிக்காய்க் கூட்டு வைத்தாள். நன்றாக இருந்தது, சொன்னேன்.

கேம்ப்பை இடித்த அன்று நானே ஆட்டோ பிடித்துப் போய் அவளை அழைத்துவந்தேன். கேம்ப்புப் பெண்களை வேலைக்கு வைத்திருந்த மற்றவர்கள் யாரும் அப்படிச் செய்யவில்லை. பின்பக்கப் பால்கனியைத் தார்ப்பாயால் அடைத்துக் கொடுத்தேன். அதில் ஒருவர்தான் படுக்கலாம் என்பதால் முத்துமாரி தன் மகள் உதயாவைப் படிப்பை நிறுத்திச் சேலத்தில் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். முதல் வாரம் மகளை நினைத்து அழுதாள். இப்போது அழுவதில்லை. ஒண்ட இடமில்லாதவளுக்கு என்னால் முடிந்ததைச் செய்திருக்கிறேன், அவ்வளவுதான்.

நேற்று என் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று கையை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க மட்டும் இல்லேன்னா நான் இன்னிக்கு எங்கேம்மா இருந்திருப்பேன்?"