மேட்டு உச்சியில் கோல் பிடித்தவன்

மாலை ஆறேகால். ஈ காக்கை இல்லாத சாலை... நேராகப் போக வேண்டிய அந்தச் சாலை ஒரு மேட்டைக் கண்டதும் ஒதுங்கி, வளைந்து, சுற்றிக்கொண்டு போகும்.

கதவைச் சாத்திவிட்டு உட்காருங்கள். பயந்து சொல்லவில்லை, கொசு வருகிறது.

இது என் நண்பனுடைய சித்தப்பாவுக்கு நடந்தது. அவர் சர்வேயர். கேட்ட நாளிலிருந்து எனக்கே எரிச்சலாக இருக்கிறது, அவருக்கு எப்படி இருக்கும்!

அந்த மேட்டுக்குள் முழங்கால் உயரமே உள்ள ஒரு குள்ளர் கூட்டம் குடியிருக்கிறதாம். மேலே வருகிறவர்களில் பிடித்துப்போனவரை வைத்துக்கொண்டு, அதே முகத்தோடு தங்களில் ஒருவரை அனுப்பிவிடுமாம். அது வெறும் கதை, விடுங்கள். ஆனால் நூறு வருடம் முன்பு அதை அளக்க வந்த மூன்று பேர் காணாமல் போனது கதை இல்லை. கூடாரத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நோட்டின் கடைசி வரியில் மை காயவில்லை. மிருகம் என்றார்கள், சண்டை என்றார்கள், ஓடிப்போனார்கள் என்றார்கள். ஆளுக்கொரு புத்தகம் எழுதினார்களே தவிர, ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

சித்தப்பாவின் தலைவலி வேறு. சாலையை நேராக்குவதற்காக மட்டம் பார்க்க, அதாவது இடத்துக்கு இடம் உயரத்தை அளக்க வந்தவர் அவர். மைல்கல்லில் தொடங்கி, மேட்டில் ஏறி இறங்கி, அதே மைல்கல்லுக்குத் திரும்ப வேண்டும். புறப்பட்ட இடத்துக்கே வந்தால் உயரமும் அதேதானே வர வேண்டும்? கணக்கு ஒன்றரை அடி உதைத்தது. மறுநாளும் ஒன்றரை அடி. மூன்றாம் நாள் என்ஜினீயர் போனில் கத்தினார். "உனக்கு வேலை தெரியுமா தெரியாதாய்யா? இன்னைக்கு முடியலைன்னா வேற ஆளை அனுப்புறேன்."

அளவுகோலைப் பிடித்தவன் அவருடைய மச்சான், சித்தியின் தம்பி. முப்பது வயதாகியும் எந்த வேலையிலும் நிலைக்காதவன். "உங்க கூடவே வெச்சுக்கங்க, பத்திரமா பார்த்துக்கங்க" என்று சித்தி ஒப்படைத்திருந்தாள்.

அன்றைய மாலைதான்... மச்சான் உச்சியில் நின்றான். சித்தப்பா மேட்டடியில் குனிந்து கருவிக்குள் பார்த்தார். அது பழைய கருவி. அதில் பார்த்தால் மரம், மேடு, மனிதன் எல்லாமே தலைகீழாகத்தான் தெரியும். இருபது வருடப் பழக்கத்தில் அது அவர் மனதில் பதிவதே இல்லை.

காற்று நின்றது. மழையே பெய்யாமல் ஈரமண் வாசனை... கல்லோடு கல் உரசும் சத்தம்... க்ரக்... க்ரக்...

மச்சானின் பக்கத்தில் முழங்கால் உயரத்தில் யாரோ கோலைப் பிடித்திருந்தார்கள்.

"யாருடா அது? தள்ளிப் போகச் சொல்லு!"

"யாரும் இல்லையே மாமா!" என்று மேலிருந்து குரல் வந்தது.

கடுப்போடு எண்ணைக் குறித்தார். பாதி எழுதும்போதுதான் உறைத்தது. மச்சான் தலைகீழாகத் தெரிந்தான். அந்தச் சின்ன உருவம்... நேராகத் தெரிந்தது.

நிமிர்ந்து வெறுங்கண்ணால் பார்த்தார். மச்சான் மட்டும் நின்றான். மறுபடியும் கருவிக்குள் பார்த்தார். சின்ன உருவத்தைக் காணோம். மச்சான் மட்டும்தான். இப்போது அவன் நேராகத் தெரிந்தான்.

சர்வேயர் கை காட்டாமல் கோல் பிடிப்பவன் இடத்தை விட்டு அசையக் கூடாது. அந்தத் தொழிலில் அது எழுதாத சட்டம். சித்தப்பா கை காட்டவே இல்லை. ஆனால் அவன் இறங்கி வந்தான்.

"கணக்கு இப்ப சரியா வரும் பாருங்க மாமா" என்றான்.

வந்தது. மயிரிழை வித்தியாசமில்லை. என்ஜினீயர் தட்டிக்கொடுத்தார்.

அதன்பிறகு அவன் விடியற்காலையில் எழுந்தான், ஒரு வேலையையும் தட்டிக்கழிக்கவில்லை. "இப்பத்தான் என் தம்பி உருப்பட்டான்" என்று சித்தி பூரித்துப்போனாள். பொறுக்கமாட்டாமல் சித்தப்பா வாசலில் கருவியை நிறுத்தி, அவனை கேட் பக்கத்தில் நிற்கவைத்து, அவளைப் பார்க்கச் சொன்னார்.

"மரம் தலைகீழா தெரியுது, கேட்டும் தலைகீழா தெரியுது. என் தம்பி ஒருத்தன்தான் ஒழுங்கா நிக்கிறான். அவனைப் போய் குத்தம் சொல்றீங்களே! மெஷினை மாத்துங்க."

"அதைத்தான்டி சொல்றேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். யாரிடம் சொல்லி என்ன? டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

கணக்குச் சரியானதால் சாலை வேலையும் நடந்தது. மேட்டை வெட்டித் தரைமட்டமாக்கினார்கள். இப்போது அங்கே லாரிகள் நேராகப் பறக்கின்றன.

இரண்டு வருடம் கழித்து, அதே நேரத்துக்கு, சித்தப்பா தனியாகப் போய் அதே இடத்தில் கருவியை நிறுத்தினார். வெறுங்கண்ணுக்குச் சாலைதான். கருவிக்குள் பார்த்தார்...

வெட்டவெளியில், பழைய உச்சி இருந்த உயரத்தில், மச்சான் நின்றான். எல்லா மனிதரையும் போலத் தலைகீழாகத் தெரிந்தான். கோல் இம்மியும் சாயவில்லை. கண் இவர் மேலேயே இருந்தது.

அழுதுகொண்டே சித்தப்பா கையை உயர்த்தப் போனார். பாதியில் நிறுத்திவிட்டார். கை காட்டினால் அவன் யோசிக்காமல் காலை எடுத்து வைப்பான். கால் வைக்க அங்கே மேடு இல்லை. முப்பதடி கீழே லாரிகள்.

கையை மெல்லக் கீழே போட்டார். அப்போது தலைக்கு மேலே, ஒன்றுமில்லாத காற்றிலிருந்து, களைத்துப்போன குரல் கேட்டது.

"இறங்கட்டுமா மாமா?"