திக்காமல் ஓடிய வண்டி

கம்ப்யூட்டரில் விளையாட்டு திக்கினால் எல்லாரும் புதுப் பெட்டி வாங்கத்தான் ஓடுகிறார்கள். அது தேவையே இல்லை சார். கொஞ்சம் பொறுமை இருந்தால் பழைய பெட்டியையே ஜம்மென்று ஓட வைக்கலாம். நீங்கள் கேட்டதற்குப் பதில் இங்கிருந்துதான் தொடங்குகிறது, அதனால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எங்கள் வீட்டுப் பெட்டி அண்ணன் வாங்கியது. அதற்கு ஏழு வயது. அவர் லாரி ஓட்டியவர். போன வருடம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் திக்க ஆரம்பித்தது. 'தம்பி' என்று என்னைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அண்ணி துணிக்கடைக்கு வேலைக்குப் போவார். நான் சும்மா இருந்தேன். ஆகவே பகலில் அண்ணன் என் பொறுப்பு. அவருக்கு அடிக்கடி புரையேறும். ஏறினால் உடனே ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், ஐந்து நிமிடம் தாமதித்தாலும் ஆள் இருக்க மாட்டார் என்று டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் நிற்க வைத்துச் சொன்னார். என்னைவிட யாரும் நன்றாகத் தலையாட்டியிருக்க முடியாது.

அண்ணி கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கூட்டிவந்து அண்ணன் கட்டிலோரம் ஒரு மைக் வைத்தார். பெட்டியில் 'காவல்' என்று ஒரு புரோகிராம். அண்ணன் இருமினாலோ கூப்பிட்டாலோ முன்னறையில் மணி அடிக்கும், அண்ணி போனுக்கும் மெசேஜ் போகும். நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்ல மாட்டேன்.

நான் கார் பந்தயம் விளையாடுகிறவன். வண்டி நேர் சாலையில் பறக்கும், வளைவு வந்ததும் விக்கி விக்கி நிற்கும், நான் போய்ச் சுவரில் முட்டுவேன். கூட விளையாடும் ஒருவன், 'சூறாவளி' என்று தனக்குத் தானே பட்டம் கட்டிக்கொண்டவன், ஹெட்போனில் சிரிப்பான்.

"என்ன ப்ரோ, காரா கட்டை வண்டியா?"

"கம்ப்யூட்டர் திக்குதுப்பா."

"நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்காம்!"

ரோஷம் யாருக்குத்தான் இல்லை? சனிக்கிழமை மதியம் இறுதிப் போட்டி. அதற்குள் சரி செய்துவிடுவது என்று இறங்கினேன்.

பெட்டியைத் திறந்து தூசி தட்டினேன், உள்ளே ஒரு தலையணைக்குப் பஞ்சு இருந்தது. விளையாட்டில் நிழலை எடுத்தேன், புல்லை எடுத்தேன், வேடிக்கை பார்க்கும் கூட்டத்தையும் எடுத்துவிட்டு ஆளில்லாத மைதானத்தில் ஓட்டினேன். பாதி திக்கல் போயிற்று. மீதி மட்டும் நேரங்காலம் இல்லாமல் வந்துகொண்டே இருந்தது.

விடுவேனா? பின்னால் என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்தேன். அப்போது பிடிபட்டது. உள்ளே அண்ணன் "த..." என்றதும் 'காவல்' விழித்துக்கொண்டு மொத்தப் பெட்டியையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். என் வண்டி நிற்கும். அண்ணன் திக்கும்போதெல்லாம் வண்டியும் திக்கியிருக்கிறது! கைதட்டிச் சிரித்துவிட்டேன் சார். வேறு ஆளாக இருந்தால் வீணாகக் கூடுதல் மெமரி வாங்கி மாட்டியிருப்பான்.

எடுத்த எடுப்பில் நிறுத்திவிடவில்லை. முதலில் அண்ணனிடம் தன்மையாகத்தான் கேட்டேன்.

"அண்ணே, சனிக்கிழமை மூணு மணி நேரம் மட்டும் கொஞ்சம் சத்தம் போடாம இருங்க. அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் பேசலாம்."

அவர் இடது பக்கத்தால் சிரித்தார். "ச... ச..." என்றார். நான் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை சாப்பாட்டைக் கொஞ்சம் வேகமாகவே ஊட்டி முடித்தேன். இரண்டு மணிக்கு முன்னறையில் உட்கார்ந்து 'காவல்'மேல் மவுஸை வைத்து 'நிறுத்து' என்று அழுத்தினேன். "நிச்சயமாகவா?" என்று கேட்டது. ஆம் என்றேன். ஹெட்போனை மாட்டினேன்.

வண்டி வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. பன்னிரண்டு பந்தயத்திலும் ஓரிடத்தில்கூடத் திக்கவில்லை. மொத்தத்தில் முதலிடம். சூறாவளியே கேட்டான்.

"புது கம்ப்யூட்டரா ப்ரோ?"

"பழசுதான். நானே சரி பண்ணிட்டேன்."

ஐந்து மணிக்கு அண்ணி வந்தார்.

"அவர் கூப்பிட்டாரா தம்பி?"

"மணியே அடிக்கலை அண்ணி."

"எனக்கும் ஒரு மெசேஜ்கூட வரலை. இன்னைக்காவது நிம்மதியா தூங்குறார் போலன்னு நினைச்சுக்கிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். அதற்கப்புறம் அவர் போட்ட அலறலில் நானும் எழுந்து உள்ளே ஓடினேன். பாவம், நல்ல மனுஷி. நான் பொய் சொல்லவில்லை என்பதை மட்டும் அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

ஏதாவது சத்தம் கேட்டதா என்று நேற்று கேட்டீர்கள். ஹெட்போன் போட்டிருந்தேன் என்றேன். அது உண்மை. கடைசிப் பந்தயத்துக்கு முன்னால் காது வியர்த்துப் போய் ஒரு நிமிடம் கழற்றியதைத்தான் சொல்லாமல் விட்டேன். கேட்டது சார். "த... த..." என்று இரண்டு தடவை, பிறகு இருமல், திரும்பவும் ஒரு "த". எழுதிக்கொள்ளுங்கள். முழுதாகக் கூப்பிடட்டும், எழுந்து போகலாம் என்றுதான் ஹெட்போனைத் திரும்ப மாட்டிக்கொண்டேன். அண்ணன் 'தம்பி' என்று கூப்பிட்டு நான் ஒரு நாளாவது போகாமல் இருந்திருக்கிறேனா, யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.