புதுத் தொட்டி

— குருத்தைப் பிடிக்காதீங்க அத்தை, அது முறிஞ்சா மரமே போச்சு. அடித்தண்டைப் பிடிங்க.

— எனக்கேவா? என் பிள்ளை இந்த பாம் செடியை ஒரு சாண் உயரத்துல வாங்கிட்டு வந்தப்போ தண்ணி ஊத்தினது யாரு கண்ணு? நீ அப்போ கல்யாணமாகி வந்த புதுசு. பால்கனிப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டே.

— விடிஞ்சா வேலைக்கு ஓடுறவளுக்கு பால்கனி எங்க தெரியும்? கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க. ம்ஹும், வரமாட்டேங்குது. வேர் மொத்தமும் தொட்டியோட ஒட்டிக்கிச்சு.

— கத்தியை விட்டு ஓரமாச் சுத்து. வேரை வெட்டிடாதே.

— வெட்டல.

— பாவம், எத்தனை நாளா மூச்சு முட்டிக்கிட்டு இருந்துச்சோ.

— மேல பச்சையாத்தானே இருந்துச்சு. உள்ள முட்டுறது யாருக்குத் தெரியும்?

— குத்திக் காட்டாம உனக்குப் பேசவே வராதா?

— செடியைச் சொன்னேன்.

— தெரியும், தெரியும். என்ன இருந்தாலும் உனக்குப் பெரிய மனசு கண்ணு. உன்னை விட்டுட்டு இன்னொருத்தியோட போனவன், மரம் வேணும்னு கூசாம போன் பண்றான். நீ மறுபேச்சு பேசாம வண்டியே சொல்லிட்டே. வேற ஒருத்தியா இருந்தா வேர்ல வெந்நீரை ஊத்தியிருப்பா.

— மண்ணை இந்தப் பக்கம் தள்ளுங்க. மணல் கலந்திருக்கேன், தண்ணி தேங்காது.

— அது சரி, இவ்வளவு கனமான சிமென்ட் தொட்டியை ஏன் வாங்கினே? மூணு மாடி இறக்கணுமே.

— கனமா இருந்தாத்தான் காத்துக்குச் சாயாது.

— அங்க ஏது காத்து? பக்கத்துக் கட்டடம்தான் மறைச்சுக்கிட்டு நிக்குதே. கிழக்கு ஜன்னல் ஓரமா வச்சா காலை வெயில் கொஞ்சம் விழும். இதுக்கு அது போதும்.

— எந்த ஜன்னல்?

— அவன் வீட்டு ஜன்னல்தான்.

— அங்க போனதே இல்லேன்னு சொன்னீங்க.

— போன்ல சொன்னான்மா. ஏதோ பேச்சுவாக்குல. மண்ணைப் போடு, வேர் காயுது.

— வாராவாரம் முட்டிக்குப் பயிற்சின்னு கிளம்புறீங்க. நான் அரை நாள் லீவு போட்டு உங்களை ஆட்டோவுல ஏத்தி விடறேன். போன வாரம் மழை பெய்யுதே, கூட்டிட்டு வரலாம்னு ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணேன். அப்படி யாரும் அங்க வர்றதே இல்லையாம். கையை எடுக்காதீங்க, மரம் சாயுது.

— பெத்த பிள்ளை கண்ணு. பார்க்காம எப்படி இருப்பேன்?

— கேட்டிருந்தா நானே போயிட்டு வாங்கன்னு சொல்லியிருப்பேன். "அவன் எனக்குப் பிள்ளையே இல்ல, இனிமே நீதான் என் மக"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதீங்களே. அந்த ஒரு வார்த்தைக்காக எங்கம்மா கூப்பிட்டும் போகாம உங்களோடவே கிடந்தேன்.

— நான் சொன்னது பொய்யில்லம்மா.

— அவளையும் பார்த்தீங்களா?

— வீட்ல இருக்கிறவளைப் பார்க்காம? வலிக்குதுன்னு சொன்னேன். முட்டிக்குத் தைலம் தேய்ச்சு விட்டா.

— அப்போ பயிற்சி நடந்திருக்கு.

— கிண்டலா? அவங்க ரெண்டு பேருமே என்னை அங்கேயே இருந்துடுன்னு கெஞ்சினாங்க, தெரியுமா? என் மருமக இருக்கிற வீடுதான் என் வீடுன்னு முகத்துக்கு நேரா சொல்லிட்டு வந்தேன். இங்கதான் என் உசுரு போகணும். நீ மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதே. இந்த மரத்தோட அவன் சங்காத்தம் விட்டுது. அப்புறம் நீயும் நானும்தான்.

— மண்ணை அமுக்குங்க. போதும். தண்டு புதையக் கூடாது.

— ஆச்சு. எவ்வளவு ஜம்முன்னு நிக்குது பாரு! கீழ ஹாரன் அடிக்கிறான், வண்டி வந்துடுச்சு போல. ஆளுங்களை மேல வரச் சொல்லு, தூக்கட்டும்.

— மரம் எங்கயும் போகல அத்தை. கையைக் கழுவிட்டு வாங்க, வண்டி உங்களுக்குத்தான்.