சிப்பிக் கறியின் முதல் தட்டு

...புதுத் தண்ணீர்த் தொட்டி விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால் இரண்டு நிமிஷம் கொடுங்கள், ஒரு சிப்பிக் கதை இருக்கிறது.

குமரிக் கடற்கரையில் ஓர் ஊர். மாதா கோயில் திருவிழாச் சாப்பாடு. பாறையிலிருந்து பெயர்த்தெடுத்த சிப்பி, ஆறு சாக்கு. பிலோமினா அக்காள் தேங்காய் வறுத்தரைத்து அண்டாவில் கறி வைத்துவிட்டாள். அறுநூறு பேர் இலை போட்டு உட்கார்ந்தாயிற்று. வாசம் என்றால் வாசம், அப்படியொரு வாசம்!

அப்போது ஓடி வருகிறாள் ஜெனோவா. அந்த ஊர்ப் பெண்தான். மீன் ஆய்வகத்தில் வேலை. காலையில் பத்துச் சிப்பியைச் சோதிக்க எடுத்துப் போனவள். மூச்சு வாங்குகிறது.

"மாமா, கறியை இலையில விளம்பாதீங்க! சிப்பியில நஞ்சு இருக்கு. இருக்கலாம்னு சொல்லுத அளவைப் போல நாலு மடங்கு!"

திருவிழாக் கமிட்டித் தலைவர் மரியசெல்வம் சிரித்தார். "நஞ்சா? யாரு போட்டா மோளே?"

"யாரும் போடல்ல. கடல்ல கண்ணுக்குத் தெரியாத பாசி இருக்கு. அதுல சில இனத்துக்கு நஞ்சு உண்டு. அது பெருகினா, சிப்பி அதைத் தின்னு நஞ்சை உடம்புல சேத்து வச்சிடும். சிப்பிக்கு ஒண்ணும் ஆகாது. தின்னவனுக்கு உதடு மரக்கும், நாக்கு மரக்கும், பிறகு மூச்சு நிக்கும்."

கமிட்டி சும்மா இருக்குமா? ஏழு பேர் கமிட்டி. உடனே ஆராய்ச்சி தொடங்கியது. செயலாளர் மோந்து பார்த்தார்... நல்ல வாசம். பொருளாளர் வெள்ளி மோதிரத்தைக் கழற்றி அண்டாவில் முக்கினார்... கறுக்கவில்லை. தலைவர் தீர்ப்புச் சொன்னார்: "ஒரு மணி நேரம் கொதிச்சிருக்கு. எதுவா இருந்தாலும் செத்திருக்கும்."

"மாமா, உயிர் இருந்தாத்தானே சாகும்? நஞ்சுக்கு ஏது உயிரு?"

யோசியுங்கள்... வாசத்தில் தெரியாது, ருசியில் தெரியாது, நிறத்தில் தெரியாது, கொதித்தாலும் போகாது. சோதித்தால் மட்டும் தெரியும். அதற்குத் தலைவர் என்ன சொன்னார்? நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்: "நாப்பது வருஷமாத் தின்னுதேன். என் நாக்குக்குத் தெரியாததா உன் மிஷினுக்குத் தெரியும்?"

கைதட்டல்! இலைக்கு முன்னால் உட்கார்ந்தவன் எதற்கும் கைதட்டுவான்.

அப்போதுதான் பிலோமினா அக்காள் எழுந்தாள். கறி வைத்தவள் அவள். யாருக்கு என்ன ஆனாலும் பழி அவள் தலையில். ஒரு தட்டு நிறைய அள்ளினாள். "பிடிங்க அண்ணே. முதல் தட்டு உங்களுக்கு. நீங்க தின்னு அரை மணி நேரம் கழிச்சு மத்தவங்களுக்கு விளம்புதேன்."

தலைவர் தட்டை வாங்கினார். அறுநூறு பேரும் பார்க்கிறார்கள். கை கறிக்குப் போனது... ஒரு சிப்பியை எடுத்தது... வாய்வரை வந்தது... நின்றது!

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை. நான் ஒருசந்தி விரதம்."

"மாமா, இன்னைக்குச் சனிக்கிழமை."

தட்டு செயலாளருக்குப் போனது. அவருக்குப் பிரஷர். பொருளாளருக்கு? பல்வலி. இப்படியே ஏழு பேருக்கும் ஏழு காரணம். ஒரு வைத்தியர்கூட இல்லாமல், ஐந்தே நிமிஷத்தில் இத்தனை நோய் கண்டறியப்பட்டது மருத்துவ வரலாற்றில் அன்றைக்குத்தான்.

கறி குழிக்குள் போனது. பருப்பும் பப்படமும் இலைக்கு வந்தன. அறுநூறு பேரும் வீட்டுக்குப் போய் "சாப்பாடு சரியில்லை" என்று குறை சொன்னார்கள். உயிரோடு போனதால் சொன்னார்கள்!

இதை ஏன் சொல்கிறேன்? நாற்பது வருஷம் என்று மரியசெல்வம் சொன்னது பொய் இல்லை. அறுநூறு வயிற்றுக்கு அவருடைய நாற்பது வருஷ அனுபவம் போதுமானதாக இருந்தது. தன் ஒரு வயிற்றுக்குத்தான் போதவில்லை. சோதனை வேண்டாம் என்கிறவர்கள் எல்லாரும் அடுத்தவர் வயிற்றை நம்பித்தான் சொல்கிறார்கள். அவர்களிடம் கோபப்படாதீர்கள், வாதாடாதீர்கள்... முதல் தட்டை நீட்டுங்கள்!

நம் புதுத் தொட்டித் தண்ணீரைச் சோதிக்கவே வேண்டாம் என்று குடிநீர்க் குழுத் தலைவர் நேற்றுச் சொல்லியிருக்கிறார். பார்த்தாலே தெரிகிறதாம். மகிழ்ச்சி. இதோ, அதே தொட்டியில் பிடித்த தண்ணீர், ஒரு தம்ளர். ஐயா முன்வரிசையில்தான் இருக்கிறார். மேடைக்கு வாருங்கள் ஐயா...

இன்று புதன்கிழமை. விரதம் எதுவும் இல்லை, காலண்டர் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.