இடது பக்கம் பத்து கிலோ

— ரூமுக்குள்ள போயி ஷூ போட்டுக்கிட்டு நடக்கச் சொல்றீங்களே டாக்டரம்மா! என் செருப்பையே வாசல்ல வுட்டுட்டு வந்திருக்கேன்.

— டாக்டர்லாம் இல்லக்கா. பிசியோதெரபியில ரிசர்ச் பண்ற பொண்ணு. இலக்கியான்னே கூப்புடுங்க. இந்த ஷூவ வச்சித்தான் என் ரிசர்ச்சே. போடுங்க, ஒண்ணும் ஆவாது.

— போடும்மா. இதுக்குத்தான கடலூர்லேர்ந்து பஸ் ஏறி சிதம்பரம் வந்தோம்.

— போடறேன்டி கனி, பறக்காத. அய்ய, இதென்ன அடிப்பக்கம் தேங்கா மூடியாட்டம் உருண்டிருக்குது? ஆளக் கவுத்துடாது?

— கவுக்கற மாதிரிதான் இருக்கும். அதான் விஷயமே. நிக்கறதுக்கே பேலன்ஸ் புடிக்கணும்ல? அப்ப கெண்டக்கால், தொட, முதுகுன்னு தூங்கிக்கிட்டிருக்கற சதையெல்லாம் எழுந்து வேல செய்யும். ஒங்க கால்லயும் முதுகுலயும் வயர் ஒட்டியிருக்கேன் பாருங்க, எந்தச் சதை எவ்ளோ வேல செய்யுதுன்னு அது லேப்டாப்புல கோடு போட்டுக் காட்டிடும்.

— மேடம், இதப் போட்டா அம்மா நேரா நடப்பாங்களா?

— அதத் தெரிஞ்சிக்கத்தான் கனி டெஸ்ட்டு. எத்தினி வருஷமா இப்டி ஒரு பக்கமா சாஞ்சி நடக்கறாங்க?

— பத்து வருஷமா.

— கணக்கு வச்சிருக்கா பாருங்க. ஜவுளிக்கடையில பதினோரு மணி நேரம் நிக்கறவளுக்கு முதுகு வலிக்காம என்ன பண்ணும்? சேல எடுக்க வர்றவங்க உக்காருவாங்க, எடுத்துப் போடறவ நிக்கணும். அதென்னமோ, முதுகுவலிக்காரங்க வரலாம்னு நீங்க ஒட்டுன நோட்டீஸப் பாத்ததுலேர்ந்து ஒரே நச்சரிப்பு. ரெண்டு நாளு சோறு துன்ன மாட்டேன்னுட்டா.

— அம்மா முன்னாடி நடந்து போனா என்னால பின்னாடி போவ முடியல மேடம். பாக்க முடியல.

— ப்ளஸ் ஒன் படிக்கற புள்ளக்கி இவ்ளோ கவலையா? ஓகேக்கா, எழுந்திரிங்க. முன்ன வெறுங்கால்ல நடந்தீங்கல்ல, அப்டியே. தோ, அந்த செவுரு வரைக்கும் போயிட்டுத் திரும்பணும். கைய வீசி நடங்க.

— யம்மா! தர நவுருது.

— நவுரலக்கா, ஷூதான் ஆடுது. நான் பக்கத்துலயே வர்றேன். கீழ பாக்காதீங்க.

— காலுக்கு அடியில மண்ணு ஓடற மாதிரி இருக்குது டாக்டரம்மா.

— எல்லாரும் இப்டித்தான் சொல்வாங்க, ரெண்டு நிமிஷத்துல பழகிடும். சூப்பர். திரும்புங்க. ஒரு நிமிஷம் நில்லுங்க. கனி, அம்மா முதுகுல வலது பக்க வயர அமுக்கிப் பாரு. லூசா இருக்கும் போல.

— டைட்டாதான் இருக்கு மேடம்.

— அப்ப வயருதான் பிரச்சன. இடதுத எடுத்து வலதுல போடறேன். ஓகே, இன்னொரு வாட்டி நடங்கக்கா. ச்சே, இப்பவும் அதேதான்.

— என்ன மேடம்? அம்மாவுக்கு என்ன?

— பயப்படாத. இந்தச் செவப்புக் கோடு வலது முதுகு, பச்ச இடது. மத்தவங்களுக்கெல்லாம் ரெண்டும் மாறி மாறி ஏறி எறங்கும். அம்மாவுக்கு செவப்பு எறங்கவே மாட்டேங்குது. வெறுங்கால்லயே கொஞ்சம் ஜாஸ்தியா இருந்திச்சி, இந்த ஷூவப் போட்டதும் மேலேயே நிக்குது. அக்கா, தண்ணிக் கொடம் தூக்குவீங்களா? இடது இடுப்புல?

— வீட்டுக்குள்ள பைப்பு வந்து ஆறு வருஷம் ஆவுது.

— கடையில துணி பண்டலு?

— அதெல்லாம் லிஃப்டுல வந்துடும்.

— அப்ப எனக்குப் புரியல. இடது பக்கம் ஒரு வெயிட்டத் தூக்கி வச்சா, ஒடம்பு அந்தப் பக்கம் சாயாம இருக்க வலது முதுகு இழுத்துப் புடிக்கும். எங்க காட்டுமன்னார்கோயில் டவுன் பஸ்ல பொம்பளங்க இடுப்புல புள்ளய வச்சிக்கிட்டு நிப்பாங்கள்ல, அது மாதிரி. நீங்க இப்ப அப்டித்தான் நடக்கறீங்க. இடது இடுப்பு வெளிய தள்ளியிருக்கு, அந்தக் கை மட்டும் வீசவே இல்ல, மடங்கியே இருக்கு. அங்க ஒரு பத்து கிலோ உக்காந்திருக்கற மாதிரி.

— ஒம்பதரை.

— என்னக்கா?

— ஒம்பதரை கிலோ. அந்த வாரம்தான் அங்கன்வாடில எட போட்டாங்க.

— அம்மா, வேணாம். மேடம், வயரெல்லாம் கழட்டிடுங்க. நாங்க கெளம்பறோம்.

— நீதான இஸ்துக்கிட்டு வந்த? உக்காரு.

— சாரிக்கா. நான் எதாச்சும் கேக்கக் கூடாதத கேட்டுட்டேனா?

— ஒனக்கு எப்டிம்மா தெரியும். கதிரவன்னு எனக்கு ஒரு புள்ள இருந்தான், இவளுக்குத் தம்பி. ஒன்ற வயசு. கெடிலத்து ஓரம் குடியிருந்தோம். ரெண்டாயிரத்துப் பதினஞ்சு மழயில, பொழுது விடிஞ்சி அடுப்பு பத்த வைக்கறேன், வீட்டுக்குள்ள தண்ணி. இவுங்கப்பா அப்ப திருப்பூர்ல. அவன இடுப்புல தூக்கிக்கிட்டேன், இவள வலது கையில புடிச்சிக்கிட்டேன். மேட்டுத் தெருவுக்கு நாப்பதடி தான் இருக்கும். எனக்கே இடுப்பளவு தண்ணி. கால் வைக்கற எடத்துலல்லாம் மண்ணு ஓடுது. இந்த ஷூ மாதிரியேதான்.

— ஷூவக் கழட்டிடலாம்க்கா. உக்காருங்க.

— நடந்துக்கிட்டே சொல்றேன், வுடு. உக்காந்தா சொல்ல வராது. பாதி தூரத்துல கால் சறுக்கிச்சி. இடுப்பு லேசாயிடிச்சி. அவ்ளோதான்.

— தண்ணி இழுத்துடிச்சா?

— நான் வுட்டுட்டேன். ரெண்டையும் புடிக்க முடியல, ஒண்ண வுட்டேன். எல்லார்கிட்டயும் இதத்தான் சொன்னேன். எங்க மாமியா, ஆம்பளப் புள்ளயத் தண்ணிக்குக் குடுத்துட்டு பொட்டப் புள்ளய இட்டாந்தவன்னு சாவற வரைக்கும் என் கையால தண்ணி வாங்கிக் குடிக்கல.

— பொய்.

— கனி, சும்மா இரு.

— அம்மா பொய் சொல்றாங்க மேடம். அவுங்க கைய வுடல.

— அறஞ்சிடுவேன். சும்மா இருடி.

— பத்து வருஷமா சும்மாதான இருக்கேன்! ஆயா ஒன்னத் திட்டறப்பல்லாம் சும்மாதான இருந்தேன். நீ நடக்கறப்ப அவன் அங்க உக்காந்து திரும்பி என்னையே பாக்கறாம்மா. இன்னிக்கி பஸ்ல கூட அந்தப் பக்கம் எடம் வுட்டுத்தான உக்காந்த? ஒரு பொம்பள நவுந்து உக்காரச் சொன்னப்ப, ஆளு இருக்குதுன்னு சொன்ன.

— அப்டியா சொன்னேன்?

— ஒனக்கே தெரியல. என் காதால கேட்டேன்.

— கனி, இந்தா, தண்ணி குடி. நீ அப்ப ஆறு வயசுப் புள்ள. ஒனக்கு என்ன தெரிஞ்சிருக்கும்?

— எல்லாம் தெரியும் மேடம். எனக்குத் தண்ணி கழுத்து வரைக்கும் வந்துடிச்சி. வாயில போவுது. என்னத் தூக்கும்மா, என்னத் தூக்கும்மான்னு கத்தறேன், அம்மாவுக்குக் கேக்கல. அம்மா வயித்தோட ஒட்டிக்கிட்டேன், அவன் காலு என் மூஞ்சிக்கு நேரா தொங்கிக்கிட்டிருந்திச்சி. அவன் எறங்கிட்டா என்னத் தூக்கிக்குவாங்கன்னு நெனச்சேன். புடிச்சி இழுத்தேன்.

— கனி...

— அவன் சிரிச்சான் மேடம். நான் வெளையாடறேன்னு நெனச்சிக்கிட்டு சிரிச்சான். இன்னொரு வாட்டி இழுத்தேன். அம்மா அப்பதான் சறுக்குனாங்க. அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. தான் வுட்டதாலதான் போனான்னு நெனச்சிக்கிட்டு இவ்ளோ நாளா அவனத் தூக்கிக்கிட்டு அலயறாங்க. அவன எறக்கி வுடும்மா. என்ன அடி, கொன்னு போடு, அவன மட்டும் எறக்கி வுடு.

— அக்கா, நின்னுட்டீங்க. கம்பியப் புடிச்சிக்கோங்க. புள்ளகிட்ட எதாச்சும் சொல்லுங்கக்கா, ப்ளீஸ்.

— தெரியும்.

— என்னம்மா தெரியும்?

— நீ மயங்கிட்ட, மேட்டுல ஒன்னப் படுக்க வச்சி ஒன் கைய ஒரு ஒரு வெரலா பிரிச்சேன், அப்டி இறுக்கி மூடி வச்சிருந்த. உள்ள அவன் கால் கொலுசு. யாரு கண்ணுலயும் படறதுக்குள்ள தண்ணியில வீசிட்டுத்தான்டி, நான் வுட்டுட்டேன்னு கத்த ஆரம்பிச்சேன்.