பதினான்காம் வரிசையின் ஒரே பயணி

நான் சன்னலோர இருக்கைக்கு ஆசைப்படுகிறவன் அல்லன். கால்கள் சற்று நீளமாக அமைந்துவிட்டபடியால், நடைவழியை ஒட்டிய இருக்கையே எனக்கு உகந்தது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால், சங்கத்தின் விசாரணைக் குழு என்னைச் சொகுசுக்காரன் என்று எண்ணாது என நம்புகிறேன்.

குழுவின் சார்பில் செயலாளர் என்னிடம் எழுத்து வடிவில் விளக்கம் கேட்டிருக்கிறார். அவர் தொழிலால் பல் மருத்துவர். "சுருக்கமா ஒரு பக்கம் போதும் சார்" என்றார். முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பில் நின்று பேசி ஓய்வு பெற்ற ஒருவனிடம் ஒரு பக்கம் கேட்பது, கேட்பவரின் அனுபவக் குறைவையே காட்டுகிறது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். சென்ற ஆண்டு நானும் என் மனைவியும் வெளியூரிலிருக்கும் மகளைப் பார்க்கப் புறப்பட்டோம். அவ்வூருக்கு விமானம் விடுகிற நிறுவனம் ஒன்றே. அதை விட்டால் பத்தொன்பது மணி நேரப் பேருந்து. எனக்குப் பதினான்காம் வரிசையில் மூன்றாம் இருக்கை. பையை மேலடுக்கில் வைத்துவிட்டுத் திரும்புகிறேன். என் இருக்கையில் ஒருவர் அமர்ந்து இடைவாரும் மாட்டிக்கொண்டிருந்தார். அவர்தாம் இப்பல் மருத்துவர். அவர் கையிலிருந்த சீட்டிலும் அதே எண்தான். ஓர் இருக்கையை இருவருக்கு விற்றிருந்தனர்.

அலுவலர் வந்து பார்த்தார். "அவர் பெல்ட் போட்டுட்டாரு சார். நீங்க நின்னுட்டிருக்கீங்க. நின்னுட்டிருக்கிறவங்கதான் எறங்கணும்" என்றார்.

என்ன அநியாயம் பாருங்கள். எத்தனையோ ஆயிரம் மாணவர்கள் எங்கே உட்காரவேண்டுமென்று நான் தீர்மானித்திருக்கிறேன். எனக்கு உட்கார இடமில்லை என்று ஒருவர் தீர்மானித்தது அன்றுதான். விமானத்தின் படிக்கட்டில் நின்று நீதி, நியாயம், நிர்வாகம் ஆகிய மூன்றையும் பற்றிச் சிறிது நேரம் எடுத்துரைத்தேன். ஐம்பது நிமிடங்கள் ஆயின என்று பின்னர் அறிந்தேன். முடிவில் இருவர் என்னை முழங்கையில் பிடித்துத் தூக்கி, பெட்டிகள் ஏற்றும் வண்டியில் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே அமர்த்தி அழைத்துச் சென்றனர்.

என் மனைவி இறங்கவில்லை. "நீங்க அடுத்ததுல வாங்க. ரெண்டு பேரும் எறங்கி என்ன ஆகப்போகுது" என்று சன்னல் வழியாகச் சைகையாலேயே தெரிவித்தாள். பயணத்தின்போது மருத்துவர் அவளுடைய கடைவாய்ப் பல்லைப் பார்த்து ஆலோசனையும் வழங்கியிருக்கிறார். அதற்காக நான் எவர்மீதும் வருத்தம் கொள்ளவில்லை.

பெட்டிகளோடு பெட்டியாக நான் சென்ற காட்சியை யாரோ கைப்பேசியில் படம் பிடித்துப் பரப்பிவிட்டனர். நாடே கொதித்தது. அவரவர் தத்தம் குறைகளைக் கொட்டலாயினர். ஒருவர் ஓர் ஊரில் இறங்க, அவருடைய சக்கர நாற்காலி வேறோர் ஊரில் இறங்கியிருந்தது. குற்ற உணர்ச்சியால் மருத்துவரே என்னைத் தேடி வந்தார். அவருடைய மருத்துவமனையின் காத்திருப்பு அறையில், பற்களின் படத்துக்குக் கீழே, கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த நோயாளிகள் சாட்சியாக, 'பறக்கமாட்டோம் சங்கம்' தோன்றியது. நான் தலைவன். உறுதிமொழியை நானே எழுதினேன்: 'இந்நிறுவனம் பயணியை மரியாதையுடன் நடத்தும்வரை இதன் விமானத்தில் ஏறமாட்டோம்.' நான்கே மாதங்களில் நாற்பதாயிரம் பேர் கையொப்பமிட்டனர்.

இனி முதற்பயணத்துக்கு வருகிறேன். நிறுவனம் உண்மையிலேயே நலிந்திருக்கிறதா என்று கூட்டத்தில் ஓர் உறுப்பினர் ஐயம் எழுப்பினார். நேரில் சென்று பார்த்தாலன்றி இதை எவ்வாறு அறிவது? இத்தகைய இழிந்த பணியைப் பிறர் தலையில் கட்டுவது தலைவனுக்கு அழகன்று. ஆகவே தொப்பியும் முகக்கவசமும் அணிந்து நானே சென்றேன்.

நூற்று எண்பது இருக்கைகள். பயணி நான் ஒருவன். தலைமைப் பணிப்பெண் வாயிலுக்கே வந்து கைகூப்பினார். "எங்க வேணும்னாலும் உக்காருங்க சார். படுத்துக்கணும்னாலும் படுத்துக்கோங்க" என்றார்.

இவ்வாக்கியத்தை எவரும் என் வாழ்நாளில் என்னிடம் கூறியதில்லை; என் வீட்டிலும் கூறியதில்லை. பதினான்காம் வரிசைக்குச் சென்றேன். இடைக்கைப்பிடிகளை உயர்த்திவிட்டு, மூன்று இருக்கைகளிலும் நீளப் படுத்தேன். பாதுகாப்பு அறிவிப்பை ஒலிபெருக்கியில் சொல்லாமல், அப்பெண் அருகில் வந்து குனிந்து, என் காதோடு சொன்னார். நிறுவனம் நலிந்திருப்பது உறுதியாயிற்று.

ஆயினும் ஒரே சோதனையின் முடிவை அறிவுடையோர் ஏற்பதில்லை. இரண்டாம் முறை சென்றேன். மூன்றாம் முறை விமானியே அறையிலிருந்து வெளியே வந்து, "சார், நேர போனா கொஞ்சம் மேகமா இருக்கு. நேராப் போலாமா, சுத்திப் போலாமா?" என்று கேட்டார். சுற்றிப் போகலாம் என்றேன். போனோம். நான்காம் முறை, திரைக்குப் பின்னாலிருந்து, "மாப்பிள்ளை வந்தாச்சு, கதவச் சாத்து" என்ற குரல் கேட்டது. என் திருமணத்தில்கூட எனக்கு அத்தகைய வரவேற்பு இருந்ததாக நினைவில்லை.

இவ்விடத்தில் குழுவினர் நிதானமாகச் சிந்திக்கவேண்டும். பயணியை மரியாதையுடன் நடத்தவேண்டும் என்பது நம் கோரிக்கை. நிறுவனம் பயணியை மரியாதையுடன் நடத்துகிறது, அப்பயணி நான். புறக்கணிப்பு நீங்கினால் நூற்று எண்பது பேர் ஏறுவர். மரியாதையை நூற்று எண்பதாகப் பங்கிட்டால் ஒருவருக்கும் ஒன்றும் தேறாது. ஆகவே பயணிகளின் மரியாதையைக் காக்கும்பொருட்டுப் பயணிகள் ஏறாமலிருப்பது இன்றியமையாததாயிற்று. இதில் பிழை இருப்பின் சுட்டிக்காட்டுக, திருத்திக்கொள்கிறேன்.

ஐந்தாம் பயணத்தில் ஓர் இடையூறு நேர்ந்தது. இருபதாம் வரிசையில் ஒரு தையற்காரர் தம் மனைவி மக்களோடு அமர்ந்திருந்தார். குழந்தை அழுதது. பணிப்பெண் என்னை விட்டுவிட்டு அங்கே ஓடினார். தையற்காரர் நம் உறுப்பினர் என்பது தெரிந்ததும் என் மனம் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. கொடுத்த வாக்கை இவ்வளவு எளிதில் மீறுவதா? மறுநாளே உறுதிமொழியை மீறியோர் பட்டியல் ஒன்று தயாரித்து, காத்திருப்பு அறையின் சுவரில் ஒட்டினேன். அவர் வந்து, "ஐயா, அப்பா ஆஸ்பத்திரில கெடந்தாருய்யா, வேற வழி தெரியல" என்றார். நியாயம் தவறக்கூடாது என்பதற்காக, அவர் பெயருக்குக் கீழே அக்காரணத்தையும் சிறிய எழுத்தில் குறித்தேன். விமானத்தில் என்னை எவ்வாறு பார்த்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. தலைவனுக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது. அதன்பின் எவரும் ஏறவில்லை.

பத்தாம் பயணம் முடிந்த வாரத்தில் நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. நம் கோரிக்கையை முழுவதும் ஏற்றிருந்தனர். எல்லாப் பயணிகளிடமும் மன்னிப்புக் கேட்டிருந்தனர். 'இனி ஓர் இருக்கை ஒருவருக்கே' என்று எழுதியிருந்தனர். அவ்வரியை நான் இருமுறை படித்தேன். ஓர் இருக்கை ஒருவருக்கு என்றால், மூன்று இருக்கை? கடிதத்தை மடித்துப் பழைய வருகைப் பதிவேடு ஒன்றின் நடுவில் வைத்தேன். அதை மறைத்தேன் என்று செயலாளர் கூறுவது மிகை. பதிவேட்டை எவர் கேட்டிருந்தாலும் எடுத்துக் கொடுத்திருப்பேன்.

அதே வாரத்தில் என் மகளுக்குப் பிரசவ நேரம் நெருங்கியது. தலைப்பிள்ளை. வலி எடுக்கும்போது அம்மா பக்கத்தில் இருக்கவேண்டும் என்பது ஒன்றுதான் அவள் கேட்டது. என் மனைவியும் பத்து மாதமாக அந்நாளையே எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, காலு ரெண்டும் வீங்கிக் கெடக்கு. இந்த ஒரு தடவ ஃப்ளைட்ல போயிடறேனே. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்" என்றேன்.

"அதானே. பொண்டாட்டி விமானம் ஏறினா உங்க மானம் கப்பலேறிடுமே" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்டினாள். அதன்பின் அவள் வற்புறுத்தவில்லை. எனக்கும் விட்ட பேச்சை மீண்டும் எடுத்துப் பழக்கமில்லை.

நண்பகல் பேருந்தில் அவளை ஏற்றிவிட்டேன். காலுக்கு அண்டை கொடுக்கப் பெட்டியைச் சாய்த்து வைத்தேன். மறுநாள் பேருந்தில் வருவதாகச் சொன்னேன். பிற்பகல் விமானத்துக்கு நேரமாகிவிட்டது.

அன்று விமானத்தில், நான் தாத்தா ஆகப்போகிறேன் என்று, மருத்துவமனையின் பெயரையும் சேர்த்து, பணிப்பெண்களிடம் தெரிவித்தேன். நால்வரும் கைதட்டினர். எட்டுக் கைகள்தாம், ஆயினும் முழுவதும் எனக்கே.

மகளுக்கு மறுநாள் விடிந்ததும் வலி கண்டது. காலை ஏழு மணிக்கு வந்திருக்கவேண்டிய பேருந்து, அச்சு முறிந்து வழியில் நின்றுவிட்டது. இது என் கைவரிசையன்று என்பதைக் குழு பதிவு செய்துகொள்ளவேண்டும். மருத்துவமனையில் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா எங்கப்பா?"

"வந்துட்டே இருக்காம்மா. கொள்கையோட வர்றா."

"எனக்குக் கொள்கை வேணாம்பா. அம்மா வேணும்."

வலியில் இருப்பவர்கள் பொறுப்பில்லாமல் பேசுவது இயல்பு. நான் பொருட்படுத்தவில்லை. எட்டு மணிக்குப் பேரன் பிறந்தான். முதன்முதலில் கையில் வாங்கியவன் நான். மனைவி ஒரு மணிக்கு வந்தாள். தலையெல்லாம் புழுதி, காலில் செருப்பு நுழையவில்லை. மகளைக் கட்டிக்கொண்டு இருவரும் வெகுநேரம் அழுதனர். நீங்கள் எப்படி முன்னால் வந்தீர்கள் என்று பிறகுதான் கேட்டாள். தெரிந்தவர் வண்டியில் வந்தேன் என்றேன். விமானி எனக்குத் தெரிந்தவர். விமானமும் ஒரு வண்டிதான். பொய் எங்கே இருக்கிறது?

மாலையில் தலைமைப் பணிப்பெண், சீருடையுடன், பூங்கொத்தை ஏந்திக்கொண்டு அறைக்குள் வந்தார்.

"மாப்பிள்ளை சார், பேரனா பேத்தியா? கேப்டன் கேட்டுட்டு வரச் சொன்னாரு."

"மாப்பிள்ளையா? இவரா?" என்றாள் என் மனைவி.

"ஆமாம்மா. எங்க ஃப்ளைட்டுக்கே இவர் ஒருத்தர்தான். மூணு சீட்டுல காலை நீட்டிப் படுத்துட்டு வருவாரு. சாருக்குன்னே தலகாணி தனியா எடுத்து வச்சிருக்கோம்."

மனைவி குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எத்தனை தடவ?" என்று மனைவி கேட்டாள்.

"பதினொன்று."

"நான் பஸ்ல அந்தப் பெட்டி மேல காலை வச்சுட்டு வந்தேனே, அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"மேலே" என்றேன்.

வினாவுக்கு நேரான விடை அது. ஆனால் அவள் பூங்கொத்தை வாங்கி என் மடியில் வைத்துவிட்டு, மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தாள். மருத்துவர் நிறுவனத்தை அழைத்தார். கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்கு நான் இட்ட கையொப்பத்தை அவர்கள் காட்டினர். மறுநாள் புறக்கணிப்பு முடிந்தது. நாற்பதாயிரம் பேரும் ஒரே வாரத்தில் உறுதிமொழியை மறந்துவிட்டு விமானம் ஏறினர்.

குழு கேட்பது இதுதான் என்றால், ஆம், செய்தேன். பதினொரு முறை பறந்தேன். தையற்காரரின் பெயரை ஒட்டினேன். கடிதம் கையில் இருக்கும்போதே மனைவியைப் பேருந்தில் ஏற்றினேன். இவற்றுள் எதையும் நான் மறுக்கவில்லை.

மனைவி இன்னும் மகள் வீட்டில்தான் இருக்கிறாள். பேரனுக்கு மூன்று மாதமாகிவிட்டது; கவிழ்ந்து படுக்கிறானாம். பார்க்க வரட்டுமா என்று கேட்டேன். "தாராளமா வாங்க. பஸ்ல வாங்க. ஃப்ளைட்ல வந்தா கதவு தெறக்காது" என்றாள். என் கால்களின் நீளம் தெரிந்தவள், முப்பத்தெட்டு ஆண்டுகள் உடன் வாழ்ந்தவள், இப்படிப் பேசுகிறாள்.

சென்ற வாரம் ஊர் முழுவதும் ஏறிய அவ்விமானத்தில், மனைவியிடம் நேரில் மன்றாடிப் பார்க்கலாம் என்று நானும் ஏறினேன். முழங்கால் முன்னிருக்கையில் இடித்தது. தலைமைப் பணிப்பெண் என்னைக் கடந்து செல்கையில், "சார், காலை உள்ள வைங்க" என்று மட்டும் சொன்னார். மகள் வீட்டுக் கதவும் திறக்கவில்லை, வந்த வழியே திரும்பினேன். பயணியை மரியாதையுடன் நடத்தாத அந்நிறுவனத்தை எதிர்த்துப் புதிய சங்கம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறேன். உறுதிமொழிப் படிவத்தை இத்துடன் இணைத்துள்ளேன். குழுவினர் மூவரும் கையொப்பமிட்டு அனுப்பலாம்.

மனைவிக்கும் ஒரு படிவம் அனுப்பினேன். கிழித்துத் திருப்பி அனுப்பிவிட்டாள். எனக்குக் கோபமில்லை. பிறருக்காகச் சிறிது அசௌகரியத்தைப் பொறுத்துக்கொள்ளும் பண்பு மட்டும் அவளிடம் இல்லையே என்பதுதான் என் வருத்தம்.