பூச்சாண்டி சாரின் வகுப்பை இனி யார் எடுப்பது?

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் தலைமை ஆசிரியர் ஐயா அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் அடுக்குமாடி வீடு கட்டி விற்கும் நிறுவன உரிமையாளர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, கண் வீங்கி நிற்கும் மாணவச் செல்வங்களே, மறைந்த சாரின் துணைவியாரான எங்கள் அண்ணியாரே! அனைவரையும் கனத்த நெஞ்சோடு வணங்குகிறேன்.

நான் இந்தப் பள்ளியின் கணக்கு டீச்சர். மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறேன். துக்கத்தால் என்று எண்ணிவிடாதீர்கள், பயத்தால். காரணத்தைச் சொல்லத்தான் வந்தேன், சொல்வேனா என்று எனக்கே தெரியவில்லை.

யாரை இழந்தோம்? வணிகவியல் ஆசிரியர் ஒருவரையா? இல்லை. வீடு வாங்குவது எப்படி என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு வகுப்பு எடுத்த மனிதரை இழந்தோம். பால்மணம் மாறாத பிள்ளைகளுக்குப் பத்திரப்பதிவு எதற்கு என்று ஆசிரியர் அறையில் நாங்களே கேலி செய்தோம். அவரோ கடைசிவரை வாடகை வீட்டில் குடியிருந்தவர். ஊருக்குத்தான் உபதேசமா என்று ஒருநாள் கேட்டேன். "பார்த்த வீட்டுக்கெல்லாம் இன்னும் கேள்வி பாக்கி இருக்கும்மா" என்றார்.

கரும்பலகையில் ஒரு வீட்டின் விலையை எழுதுவார். "இவ்வளவுதானே?" என்பார். ஆமாம் என்பார்கள் பிள்ளைகள். அதன்கீழே பதிவுச் செலவு, வக்கீல் கட்டணம், தரகு, வட்டி, பராமரிப்பு என்று எழுதிக்கொண்டே போவார். பலகை நிறைந்ததும் மீதியை எழுதச் சாக்பீஸோடு சுவரை நோக்கித் திரும்புவார். வகுப்பே அலறும். பூச்சாண்டி சார் என்ற பட்டம் அப்படி வந்ததுதான்.

விற்பனைக்கு வரும் வீடுகளுக்கே பிள்ளைகளை அழைத்துப் போவார். எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறக்கச் சொல்வார். சுவரைத் தட்டிப் பார்க்கச் சொல்வார். ஒருமுறை பிள்ளைகள் ஆர்வக்கோளாறில் முந்திப் போய்ப் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்து தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அந்த வீட்டம்மா வெலவெலத்துப் போனார். வங்கியிலிருந்து ஜப்திக்கு ஆள் வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். தவணை கட்ட முடியாமல், அழைப்பு மணி அடித்தாலே ஒளிந்துகொள்ளும் குடும்பம் அது. நம் சார் என்ன செய்தார்? மன்னிப்புக் கேட்டுவிட்டு, அந்த வீட்டுத் தரையிலேயே உட்கார்ந்து கடன் விவரம் கேட்டார். மறுநாள் அந்த வீட்டுக்காரரோடு வங்கிக்கும் போய்த் தவணையைக் குறைத்து வாங்கினார். அவர்கள் இன்றும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள்.

இப்படிப்பட்டவரின் வகுப்பை இனி யார் எடுப்பது?

முன்வரிசையில் இருக்கும் ஐயா, மறைந்தவர் பெயரில் வகுப்பறை ஒன்று கட்டித் தருகிறார். நல்ல மனசு. ஆனால் வீடு வாங்கும் பாடத்தை அவருடைய விற்பனைப் பிரிவினரே நடத்துவார்களாம். கூட்டம் முடிவதற்குள் அதையும் அறிவிக்கப் போகிறார்கள். பாலுக்குப் பூனை காவல் என்று நான் சொல்லலாமா? சொல்லிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் கடைசி வரிசையிலிருந்து உட்காரச் சொல்லிக் கைகாட்டுகிறார். அவர்மேல் தப்பில்லை. அந்த நிறுவனத்தின் புதுக் கட்டடத்தில் நாங்களும் ஒரு வீட்டுக்குப் பணம் கட்டியிருக்கிறோம். என் நகை, அவர் சேமிப்பு, மாமியார் தன் மனையை விற்றுக் கொடுத்தது, எல்லாம் அங்கேதான் இருக்கிறது. சொன்ன நாள் கடந்தும் சாவி இன்னும் எங்கள் கைக்கு வரவில்லை. இப்படிப் பேசிய பிறகு அது வருமா? இன்றிரவு மாமியார் முகத்தில் எப்படி விழிப்பேன்?

மருத்துவமனையில் கட்டிலோரம் நின்றபோது, இந்த வகுப்பை நீ எடு என்றார் சார். பயமாக இருக்கிறது அண்ணே என்றேன். மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்:

"பயந்தவங்கதாம்மா கேள்வி கேப்பாங்க. பயமே இல்லாதவன் கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுருவான்."

அன்று பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். இன்று அண்ணியார் முன்னிலையில் சொல்கிறேன். வகுப்பை நான் எடுக்கிறேன் அண்ணே. நீங்கள் எடுத்தபடியே எடுக்கிறேன். தலைமை ஆசிரியர் ஐயா, அறையைக் கைகூப்பி வாங்கிக்கொள்ளுங்கள், பாடத்தை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

முன்வரிசை ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். வரும் வாரம் பிள்ளைகளோடு நாங்கள் பணம் கட்டிய வீட்டைப் பார்க்க வருகிறேன். சொன்ன நாளில் ஏன் முடியவில்லை என்று கேட்பார்கள். பதில் தெரிந்த ஒருவரை அங்கே நிறுத்தி வையுங்கள்.

பிள்ளைகளே, எனக்கு இன்னும் பயம் போகவில்லை. தனியாகப் போக என்னால் முடியாது. என்னோடு வருகிறவர்கள் எழுந்து நில்லுங்கள்.